சத்தத்தில் படித்தவனுக்கு

கதிர்,

வியாழக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்திருப்பாய். "அம்மா, நான் ஃபைனல் எழுதலீங்கம்மா. இத்தோட விட்டர்றேன்" என்றாய். அதற்கு என்னிடம் நாலைந்து பதில் தயாராக இருந்தது. ஆனால் கொஞ்சம் பொறுத்து, சின்னக் குரலில் இன்னொன்று சொன்னாய்: "நீங்களும் படிப்ப விட்டவங்கதானுங்களே." அதைக் கேட்டதும், ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்ற வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது பதில் இருக்கிறது. எழுதுகிறேன். நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள், இதையே கொடுத்துவிடப் போகிறேன். சி.ஏ. படிக்கிற பையனை அந்தச் சந்தைக்கடை வீட்டில் உட்கார வைத்திருக்கிறாயே என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் அத்தனை பேரும் அந்த மலரைப் படிப்பவர்கள்தான். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் நான் விட்ட கதை. ஆமாம், விட்டேன். கோயம்புத்தூரில் டிப்ளமோ இரண்டாம் வருஷம், வயது பத்தொன்பது. எனக்கு உட்கார முடியாது, அவ்வளவுதான் காரணம். வகுப்பில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும், அதோடு பெஞ்சும் ஆடும், பக்கத்தில் இருந்த பெண் நோட்டைத் தூக்கிக்கொண்டு இடம் மாறிப் போய்விட்டாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவள் திரும்பப் போகவில்லை. மறுநாள் காலையில் டிரைவிங் ஸ்கூலில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் போய் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை, பசித்தது. அதற்கப்புறம் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு, அவருக்குச் சாகண் பக்கம் கம்பெனியில் வேலை கிடைத்ததும் மராத்தி பேசுகிற இந்த ஊருக்கு வந்தேன். இந்த ஊரிலும் நான் விட்டது கொஞ்சமா? தையல் கிளாஸில் காலர் வைக்கக் கற்றுக்கொடுப்பதற்குள் விட்டேன். பார்லர் கோர்ஸை விட்டேன். ஆபீஸ்காரர்களுக்குச் சாப்பாடு அனுப்பினேன், அதையும் விட்டேன். நின்றது இரண்டுதான். ஸ்கூல் வேன் ஒன்று, நீங்கள் ஐந்து பேர் ஒன்று. இரண்டிலும் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும், உட்காரவே முடியாது. எனக்கு அதுதான் தோதுப்பட்டது. ஆக, விடுவது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வியாழக்கிழமை உன் குரலைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது. அது விடுகிறவன் குரல் இல்லை.

அஞ்சு பிள்ளையா என்று இந்த ஊரில் என்னைக் கேட்காதவர்கள் கிடையாது. மூன்றாவது பிரசவத்தில் இரட்டைகள் வந்தால் நான் என்ன செய்வது? கடைசியாக வந்த தாரா எங்கள் திட்டத்திலேயே இல்லை. அவள் வந்த பிறகு அவள் இல்லாத திட்டம் எதுவும் எங்களிடம் இல்லை. விஷ்ராந்த்வாடியில் இரண்டு ரூம், ஒரு ஹால், ஒரே பாத்ரூம். காலையில் அதன் கதவை யார் கடைசியாகத் தட்டினார்களோ அவர்கள்தான் அடுத்தது என்று உனக்கு அடுத்தவள் என்ற திமிரில் யாழினி ஒரு சட்டம் போட்டாள். அவளே கடைசியாகத் தட்டிக்கொள்வாள். சாக்ஸ் எல்லாம் ஒரே பக்கெட்டில் கிடக்கும், கைக்கு வருகிற எந்த இரண்டும் ஜோடிதான். இரட்டைகளில் ஒருத்தன் அடிவாங்க வேண்டியதை இன்னொருத்தன் வாங்கிக்கொண்டு, அதற்குக் கூலியாகச் சாயங்காலம் கிரிக்கெட்டில் முதல் பேட்டிங் வாங்குவான். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலில் அவர் ஹாலில் படுத்திருப்பார், நீங்கள் அவரைத் தாண்டித் தாண்டி ஓடுவீர்கள், தாரா மட்டும் ஏறி மிதித்துப் போவாள். அவர் எழுந்ததே இல்லை. இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் இரைச்சலில் வேலை செய்கிறவருக்கு நீங்கள் எல்லாம் கொசு.

சத்தம் எனக்குப் பயமே தந்ததில்லை. சத்தம் நின்றால்தான் ஓடுவேன். இரட்டைகளுக்கு மூன்று வயது இருக்கும். துணி மடித்துக்கொண்டிருந்தேன், திடீரென்று வீடு அமைதியாகிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், டப்பாவிலிருந்த கோதுமை மாவு முழுவதையும் தரையில் கொட்டி, தேங்காயெண்ணெயை ஊற்றி, வாஷிங் மெஷினுக்குப் பூசிக்கொண்டிருந்தான்கள். நீ பக்கத்தில் நின்று, பின்பக்கம் விட்டுப்போச்சு பார் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தாய். வேனிலும் அப்படித்தான். பின்னால் பிள்ளைகள் எவ்வளவு கத்தினாலும் நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுவேன். கத்தல் நின்றால் ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன்.

இந்தக் காதை நம்பித்தான் நம் வீட்டில் படிப்பே நடந்தது. சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு வந்து அடுப்படியில் நின்றால், ஹாலில் ஐந்து பேரில் யார் படிக்கிறார், யார் போனை நோண்டுகிறார் என்று எட்டிப் பார்க்க எனக்கு நேரம் ஏது? அதனால் ஒரே விதி வைத்தேன். படிக்கிறவர் குரல் அடுப்படி வரைக்கும் கேட்க வேண்டும். யார் குரல் நிற்கிறதோ அவர்களுக்குத்தான் வெங்காயம் உரிக்கிற வேலை. தாராவின் மராத்திப் பாட்டு, ஒருத்தன் ஹிந்தி, ஒருத்தன் சயின்ஸ், யாழினி நடந்துகொண்டே படிக்கிற இங்கிலீஷ், எல்லாம் சேர்ந்து குழம்பு கொதிக்கிற மாதிரி இருக்கும். நடுவில் நீ. கால்குலேட்டரும் தடிப் புத்தகமுமாகக் குனிந்திருப்பாய். குனிந்தபடியே, "தாரா, அந்த வரி அது இல்ல, முந்தின வரி" என்பாய். இரட்டைகள், டெப்ரிசியேஷன் என்று இவ்வளவு நேரமாக முனகுகிறாயே அது என்ன என்று ஒருநாள் கேட்டான்கள். "அப்பா தினமும் தொடச்சு வெச்சாலும் பைக்குக்கு வயசாகுதுல்லடா, அதுக்குத்தான் கணக்கு" என்றாய். நான் கரண்டியோடு நின்று கேட்டேன். டிப்ளமோவில் எனக்கு யாராவது இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒருவேளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பிப் போயிருப்பேன். அந்தச் சத்தத்தில்தான் நீ சி.ஏ.வில் முதல் இரண்டு கட்டத்தையும் ஒரே மூச்சில் தாண்டினாய். யாரும் கவனிக்கவில்லை, நான் உள்பட.

அப்புறம் ஃபைனல் வந்தது, கூடவே பாணேரில் இருக்கிற பெரியப்பா வந்தார். அப்பாவுக்குப் பெரியப்பா மகன் என்றாலும் நம் குடும்பத்துக்குள்ளே அவர்தான் ஹைகோர்ட். ஒரே மகன், அவனுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி ஸ்டடி ரூம். நம் ஹாலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, காதைத் தேய்த்துக்கொண்டே, இந்தச் சத்தத்தில் எவனும் சி.ஏ. ஆக முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அது சரியென்றே பட்டது. மறுநாளிலிருந்து வீட்டில் ஊரடங்கு. எல்லாரும் மனசுக்குள் படிக்க வேண்டும். குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று தினமும் இட்லி, உப்புமா. இரட்டைகள் கை ஜாடையில் சண்டை போட்டுக்கொண்டு, ஒருத்தன் ஒருத்தனைச் சத்தமில்லாமல் கிள்ளினான்கள். தாரா கிசுகிசுவென்று பேசிப் பழகி, பள்ளிக்கூடத்திலும் அப்படியே பேச, குழந்தைக்குத் தொண்டையில் என்ன என்று டீச்சர் கூப்பிட்டுக் கேட்டார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நீங்கள் காகு என்று கூப்பிடுகிற கீழ்வீட்டு மராத்தி அம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்துவிட்டாள். அவள் இத்தனை வருஷமாக நம்மோடு சத்தத்துக்குச் சண்டை போட்டவள். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா, தன்னிடம் சொல்லக்கூடாதா என்று மராத்தியில் கேட்டாள். பையனுக்குப் பரீட்சை என்றேன். நம்பாமல் உள்ளே வந்து, உங்கள் ஐந்து பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். நீ அந்த நாட்களில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். யோசிக்கிறான் என்று நினைத்தேன்.

ரிசல்ட் வந்தது, நீ பாஸாகவில்லை. அதற்கு நாங்கள் கண்டுபிடித்த காரணத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இந்த அமைதியும் போதவில்லை என்று முடிவு கட்டினோம். பெரியப்பா தனக்குத் தெரிந்தவருடைய ஒற்றை ரூம் ஃபிளாட்டை உனக்குப் பிடித்துக்கொடுத்தார். பாணேரில், பத்தாவது மாடியில். சாமானை வேனில் போட்டு எல்லாரும் உன்னைக் கொண்டுவிட வந்தோமே, கதவைச் சாத்தியதும் வெளியே ஒரு ஹாரன்கூடக் கேட்கவில்லை. இரட்டைகள் சுவரில் காதை வைத்துப் பார்த்தான்கள். "அண்ணா, இங்க பக்கத்து வூட்ல ஆளே இல்லையா?" என்று தாரா கேட்டாள். நீ சிரித்தாய். நல்லா படிச்சுக்கோ கண்ணு என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசவில்லை. நான் ஓரம் கட்டியிருக்க வேண்டிய இடம் அதுதான், கட்டவில்லை.

அதற்கப்புறம் நீ தினமும் சாயங்காலம் வீடியோ கால் பண்ண ஆரம்பித்தாய். இரண்டு வார்த்தை பேசுவாய், அப்புறம், போனை அப்படியே ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுங்கள், நான் கட் பண்ணிக்கொள்கிறேன் என்பாய். பையனுக்கு வீட்டு ஞாபகம் என்று நானும் போனை ஹாலைப் பார்க்கத் திருப்பி வைப்பேன். உன் அப்பா ஃப்ரிட்ஜைத் தாண்டும்போதெல்லாம் நின்று போனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். ஒருநாள் தாரா வீட்டுப்பாடம் எழுதாமல் தள்ளிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சேர்த்து எழுதுகிறேன் என்றாள். ஃப்ரிட்ஜ் மேலிருந்து உன் குரல் வந்தது. "இன்னிக்கு வெளயாடிட்டு நாளைக்குச் சேத்து எழுதறியே, இதுக்குப் பேருதான் டெஃபர்டு டாக்ஸ். இப்ப குறையற மாதிரி இருக்கும், பின்னால வந்து நிக்கும்." தாராவுக்குப் புரிந்ததோ இல்லையோ, உனக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தப் போனிலிருந்து பக்கம் திருப்புகிற சத்தமும் பேனா ஓடுகிற சத்தமும் வந்துகொண்டே இருந்ததாம். நான் கவனிக்கவில்லை, யாழினி கவனித்தாள். என்னிடம் அப்போது சொல்லவில்லை. நீ விடப் போகிறாய் என்று தெரிந்த அன்றைக்கு, நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, அண்ணா நம்ம வீடியோ கால்ல இருக்கறப்ப மட்டுந்தான் படிக்குது. கட் பண்ணுனா புக்கையும் மூடிருதாம். நான் கேட்டேன், ஒத்துக்கிச்சு."

"பின்ன எதுக்குடி எங்ககிட்ட சொல்லல?"

"அத்தன பேரு சேந்து அதுக்கு அமைதி வாங்கிக் குடுத்திருக்கோம். அது வேண்டாம்னு எப்பிடிச் சொல்லும்?"

சப்பாத்தி கருகிவிட்டது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உனக்குச் சங்கடம், எங்களிடம் சொல்ல. நாங்கள் ஊட்டிய மருந்துதான் வியாதி என்று ஒரு பிள்ளை தன்னைப் பெற்றவளிடம் எப்படிச் சொல்லுவான்? அதைச் சொல்லாமல் இருக்க, படிப்பையே விட்டுவிடலாம் என்று முடிவுக்கு வந்திருக்கிறாய். உன் அப்பா வழிப் புத்தி அது. அவர்தான் உப்பு அதிகமான குழம்பைச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலோடு ஷிப்டுக்குப் போவார். என்னைப் போல் இருந்திருந்தால் முதல் வாரமே கத்தியிருப்பாய், இந்த ரூம் எனக்கு வேண்டாம் என்று. கத்தியிருக்கலாம் கதிர். நம் வீட்டில் கத்தினால் யாருக்கும் காயம் படாது.

இப்போது உன் கேள்விக்குப் பதில். நானும் படிப்பை விட்டவள்தான். ஆனால் நான் விட்டதற்குக் காரணம், எனக்கு அந்தப் பாடம் பிடிக்கவில்லை, வேறு ஒன்று பிடித்தது. நான் விட்ட மறுநாள் காலை எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. உன்னிடம் சனிக்கிழமை அப்பா, அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டதற்குத் தெரியலீங்கப்பா என்றாயாம். பாடம் பிடிக்காதவன் ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஐந்தாம் கிளாஸ் பிள்ளைக்கு டெஃபர்டு டாக்ஸ் சொல்லிக்கொடுக்க மாட்டான். உனக்குக் கசந்திருப்பது படிப்பு இல்லை, அந்த ரூம். ரூமை விடு. அதற்காகப் படிப்பை விடாதே. வீட்டுக்கு வந்து, உன் புத்தகத்தை நடு ஹாலில் பரப்பி, ஒரு பத்து நாள் உட்கார்ந்து பார். அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் என்னிடம் சொல், நானே உன் புத்தகத்தைக் கட்டிக்கொடுக்கிறேன். விட்டவள் வீட்டில் விடுவது குற்றமில்லை. அடுத்த நாள் காலைக்கு ஒரு வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பா என்ன நினைப்பார் என்று யோசிப்பாய். அவருக்கு நானே போன் பண்ணிவிட்டேன்.

"ஏம்மா, அந்தச் சத்தத்துல எப்பிடிம்மா படிப்பான்?" என்றார்.

"இத்தன வருசம் அதுலதானுங்க படிச்சான்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "என்ற பையன் எப்பப் பாத்தாலும் காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டே படிக்கறான். பாட்டுக் கேக்கறானான்னு ஒருநாள் வாங்கிப் பாத்தேன். பாட்டு இல்லம்மா. ஓட்டல்ல ஜனங்க பேசற சத்தம், டம்ளர் வெக்கற சத்தம். அத டவுன்லோடு பண்ணி வெச்சிருக்கறான்." நான் சிரிக்கவில்லை. பெரியம்மாவும் அவரும் பக்கத்து ரூமில் டிவியைக்கூட ஊமையாக வைத்துப் பார்க்கிறார்களாம், பையன் படிக்கிறான் என்று. அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள் என்றேன். சரிம்மா என்றார். நிஜமாகவே அனுப்பினாலும் அனுப்புவார். இடம் இருக்கிறதா என்று கேட்காதே, ஆறாவதாக ஒருத்தன் உட்கார்ந்தால் சுவர் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ இல்லாமல் வீடு நடக்கவில்லை என்பதற்காகக் கூப்பிடவில்லை. நன்றாகவே நடக்கிறது. நடு ஹாலில் இப்போது யாழினி உட்கார்ந்துகொள்கிறாள். தாராவின் மராத்தியைத் திருத்துகிறேன் என்று தப்பாகத் திருத்துகிறாள், அதையும் அதட்டிச் சொல்வதால் தாரா அப்படியே எழுதிவிட்டு வந்து, மறுநாள் அவளோடு சண்டைக்கு நிற்கிறாள். இரட்டைகள் சயின்ஸை ராகம் போட்டுப் படிக்கிறான்கள். காகு கீழிருந்து தட்டுகிறாள். ஆக, மூத்தவன் பொறுப்பு, தம்பி தங்கைகள் என்று ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வராதே. ஒரு குடும்பத்தில் நிறையப் பேர் இருப்பதில் இருக்கிற பெரிய சௌகரியமே இதுதான், யாரும் ஒருத்தராகத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உனக்கு அந்தச் சத்தம் வேண்டும், அதனால் வா. அது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம்தான், வெட்கம் ஒன்றும் இல்லை. நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு வரும்போதும் இதை நினைவு வைத்துக்கொள். நல்லது என்று எல்லாரும் சொல்வதை வாங்கி அடுக்குவதற்கு முன்னால், வீட்டில் இருக்கிறவர்கள் எதில் செழிக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று பார். நான் ஓடிக்கொண்டே இருக்கிறவள், நிற்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நீ சீக்கிரம் நிற்பாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு எல்லாரும் வருகிறோம். அப்பா ஷிப்ட் மாற்றி வைத்திருக்கிறார். சாமானை நீ கட்டி வைத்திருந்தால் ஏற்றிக்கொள்வோம். கட்டவில்லை என்றால் அங்கேயே கூட்டாஞ்சோறு சாப்பிட்டுவிட்டு, உன் பத்தாவது மாடியைக் கொஞ்சம் அதிர வைத்துவிட்டுத் திரும்புகிறோம். முடிவு உன்னுடையது, நான் கதவைத் தட்டுவேன், அவ்வளவுதான்.

இதை வாய்ஸ் மெசேஜில் சொல்லாமல் ஏன் இவ்வளவு நீளமாகத் தமிழில் எழுதி அனுப்புகிறாள் என்று நினைத்திருப்பாய். தமிழ்ப் பள்ளிக்கூடம் பார்க்காத உனக்குத் தமிழை மனசுக்குள் படிக்க வராது. எழுத்துக் கூட்டி, வாய்விட்டுத்தான் படிப்பாய். அப்படியென்றால் இந்த வரி வரைக்கும் உன் ரூமில் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதை நிறுத்தாதே கண்ணு. பேப்பரைக் கீழே வை, மேசை மேல் இருக்கிற புத்தகத்தைத் திற, இதே சத்தத்தில் அடுத்த வரியைப் படி.

அம்மா